மீன் ஊரில் ரின்மீன் வாங்கிய பெண்

1. வாற சனம்

திருகோணமலைப் பட்டினத்தில் இருந்து வடக்கே பஸ்ஸில் அரை மணித்தியாலம் வந்தால் எங்கள் ஊர். கடலும் வள்ளமும் வலையும் தவிர வேறு தொழில் தெரியாத ஊர். அங்கே சின்னராசா முதலாளியின் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு தட்டு முழுக்கத் தகரத்தில் அடைத்து வந்த ரின்மீன் அடுக்கியிருப்பதைக் கண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

“முதலாளி, உந்த ரின்னை ஆர் வாங்கிறது? கரைக்குப் போனா சூடை மீன் துள்ளத் துள்ளக் கிடக்கு.”

“அது எங்கட சனத்துக்கில்லை பிள்ளை. வாற சனத்துக்கு.”

வாற சனம் என்றால் யார் என்று இப்போது கடற்கரையில் கடை போட்டிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். உங்களிடம் வருகிறவர்கள் கடல் பார்க்க வருகிறவர்கள். எங்களிடம் வந்தவர்கள் வேறு வழியில்லாமல் வந்தவர்கள். யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடியிருந்த காலம் அது. போகிறவர்கள் எல்லோரும் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். ஓர்ஸ் ஹில் பக்கத்துக் கந்தோரில் பெயர் பதிந்துவிட்டுக் கப்பலுக்காகக் கிழமைக்கணக்கில் காத்திருப்பார்கள். பட்டினத்து லொட்ஜுகளில் இடமில்லாதவர்கள் எங்கள் ஊரில் அறை எடுத்துத் தங்கினார்கள். அவர்களை நம்பித்தான் எங்கள் கடை ஓடியது.

என்ன வாங்குகிறார் என்பதை வைத்தே ஆளைச் சொல்ல இரண்டு மாதத்தில் பழகிவிட்டேன். கயிறும் பூட்டும் கேட்டால் கப்பல் சனம். பால்மாவும் பிஸ்கற்றும் கேட்டால் ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்க வந்தவர். கருவாடு கேட்டால் நாளைக்குக் கொழும்பு பஸ் ஏறுகிறவர். வாசம் வெளியே வராமல் மூன்று கடதாசி சுற்றித் தரச் சொல்லுவார். ஒன்றும் வாங்காமல் ஒரு சோடாவை ஒரு மணித்தியாலம் வைத்துக் குடித்துக்கொண்டு, கடைக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று பார்க்கிறவரும் இருப்பார். அவரோடு வெயிலைப் பற்றி மட்டும்தான் கதைக்க வேண்டும்.

எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி ஆட்களையும் தட்டிப் பார்ப்பேன். சாதாரண நாட்களில் அது ஒரு கெட்ட குணம். அந்த நாட்களில் அதைக் கெட்டித்தனம் என்று சொன்னார்கள், நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

ஊர் முகப்பில் ஒரு இராணுவ முகாம் இருந்தது. கடைகளுக்கு அங்கிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. பற்றறி, மெழுகுதிரி, ரின்னில் அடைத்த சாப்பாடு, இன்னும் சில சாமான்கள். இவற்றை ஒருவருக்கு ஒரு தரத்தில் ஒன்றுக்கு மேல் கொடுக்கக் கூடாது. புதுமுகம் யாராவது திரும்பத் திரும்ப வாங்கினால் முகாமுக்குச் சொல்ல வேண்டும். காட்டில் இருக்கிற இயக்கக்காரருக்குச் சேர்த்து அனுப்புகிறார்கள் என்பது அவர்களுடைய பயம். எங்களுக்கு அவர்களிலும் பயம், காட்டில் இருக்கிறவர்களிலும் பயம், பக்கத்துக் கடைக்காரனிலும் பயம்.

2. ஒவ்வொரு நாளும் ஒரு ரின்

அந்தப் பெண் ஒரு திங்கட்கிழமை காலை வந்தா. முப்பது வயதுக்குள் இருக்கும். மெலிந்த உடம்பு, இறுக்கிக் கட்டிய கொண்டை, செருப்பு முழுக்க ஈர மணல்.

“ஒரு ரின்மீன் தாங்கோ தங்கச்சி.”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கியவ உடனே போகவில்லை. கடைக்குள் மெல்ல நடந்தா. எங்கள் கடையில் ஒரு பக்கம் பலசரக்கு, மறுபக்கம் தொழில் சாமான்: வலை, நூல், கயிறு, மேலே கூரை வளையில் கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்ரிக் மிதப்புகள். அவ அந்த மிதப்புகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தா. பிறகு போய்விட்டா.

செவ்வாய்க்கிழமையும் ஒரு ரின்மீன். புதன்கிழமையும் ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே அண்ணாந்த பார்வை.

பாக்கியம் அக்கா எங்கள் ஊரில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறவ. வியாழக்கிழமை அவ தேங்காயெண்ணெய் வாங்க வந்தபோது மெல்ல வாயைக் கிளறினேன்.

“அக்கா, உங்கட வீட்டில ஒரு புது ஆள் இருக்கிறா போல.”

“ஓம், நாகேஸ்வரி. கப்பலுக்கு நிக்கிறாவாம். நல்ல அமைதியான பிள்ளை.”

“அமைதியோ?”

“ஒரு சோலியும் இல்லை. தானே சமைக்கிறா, தானே தின்னுறா. நீ என்ன, சி.ஐ.டி. வேலை பாக்கிறியோ?”

பாக்கியம் அக்கா சிரித்துக்கொண்டு போனா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை கப்பல் போனது. காத்திருந்த சனம் விடியவே பெட்டி படுக்கையோடு பட்டினத்துக்குப் போய்விட்டது. நாகேஸ்வரி போகவில்லை. வழக்கமான நேரத்தில் கடைக்கு வந்து வழக்கம் போல ஒரு ரின்மீன் கேட்டா.

அதற்குப் பிறகு அவ செய்தது எல்லாமே என் கண்ணில் பிழையாகத்தான் பட்டது. யாழ்ப்பாணம் போகிறவ என்றால் கயிறோ பூட்டோ ஏன் வாங்கவில்லை? காலையில் வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம் மணலில் நின்று ஒவ்வொரு வள்ளத்தையும் உற்றுப் பார்க்கிறா. எத்தனை போனது, எத்தனை திரும்பியது என்று ஒரு விருந்தாளிக்கு என்ன தேவை? கரையில் மீன் பிரிக்கிற பெண்கள் ஒரு நாள் கை நிறையச் சூடை அள்ளி, “கொண்டு போய்ப் பொரிச்சுத் தின்னுங்கோ” என்று நீட்டினார்களாம். அவ இரண்டடி பின்னால் போய், வேண்டாம் என்று தலையாட்டினாவாம். சும்மா கொடுத்த பச்சை மீனை வேண்டாம் என்றுவிட்டு என்னிடம் வந்து ரின்மீன் வாங்குகிறா.

நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடையில் நிற்கிற ஒருத்தி கேள்வி கேட்டால், “இவள் ஆருக்காகக் கேக்கிறாள்” என்று வந்தவர் யோசிப்பார். எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

3. பின்கட்டு

கடையின் பின்கட்டில் நடந்த வேலையையும் சொல்லிவிட வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடங்களில் கடல் கரைக்கு நிறையச் சாமான் தள்ளியது. அறுந்த வலை, கயிறு, பலகை, மிதப்பு. கரை ஒதுங்கியவற்றை முகாமில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒதுங்கியதைக் கண்டெடுத்தவர்கள் கடையின் பின்படலையால் கொண்டுவந்து முதலாளியிடம் கொடுப்பார்கள், அரிசியோ சீனியோ வாங்கிக்கொண்டு போவார்கள். முதலாளி அவற்றைத் திருத்தி, புதுச் சாமானோடு சாமானாக வெளியூர்த் தொழில்காரருக்கு விற்பார்.

திருத்துகிற வேலை என்னுடையது. வலையின் நுனியில் கட்டுகிற பெரிய மிதப்பில் ஒவ்வொரு குடும்பமும் தன் குறியைப் பூசி வைத்திருக்கும். சிவப்புக் கோடு, வெள்ளைச் சிலுவை, பிறை, ஒரு எழுத்து, இப்படி ஏதாவது. கடலில் தூரத்தில் நின்றே அது யாருடைய வலை என்று தெரிய வேண்டும், அதற்குத்தான். நான் அந்தக் குறியை மண்ணுக் கடதாசியால் தேய்த்து அழித்துவிட்டு நீலப் பெயின்ற் பூச வேண்டும். தொங்குகிற கயிற்றை அளவாக வெட்டிவிட வேண்டும். தேய்க்கிறது கை நோகிற வேலை. முதலாளி பார்க்காத நேரம் பஞ்சிப்பட்டு, தேய்க்காமல் மேலாலேயே இரண்டு தரம் பூசிவிடுவேன்.

குறி இருந்தால் அதற்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். மிதப்பு தனியாக வந்திருந்தால் அந்தச் சொந்தக்காரர் எங்கே? இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. கடைக்குள் காலடி வைக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட எனக்கு இது ஒரு நாளும் வரவில்லை.

முதலாளிக்கு வேறு கேள்வி வந்திருந்தது. நாகேஸ்வரி வந்து போன எட்டாம் நாள், அவர் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

“உந்தப் பொம்பிளை என்னத்துக்கு மிதப்பை அண்ணாந்து பாக்கிறா?”

“தெரியாது முதலாளி. எனக்கும் அவவில ஒரு சந்தேகம்.”

“ஆரும் அனுப்பின ஆளா இருக்கும். நாங்கள் ஒதுங்கின சாமான் வாங்கிறமெண்டு ஆரோ முகாமுக்கு எழுதிப் போட்டிருப்பினம். வேவு பாக்க வந்திருக்கிறா.”

நான் அவவைக் காட்டுக்குச் சாமான் சேர்க்கிறவ என்று நினைத்தேன். முதலாளி அவவை முகாம் அனுப்பிய ஆள் என்று நினைத்தார். ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு பேரும் நேர்மாறாக நினைத்தோம், ஆனால் அவ நல்ல ஆள் இல்லை என்பதில் இருவருக்கும் ஒரே பேச்சு.

4. நான் சொன்ன வசனம்

பின்னேரங்களில் முகாம் சென்றியில் காவல் நிற்கிற ஒருவர் சோடா குடிக்கக் கடைக்கு வருவார். கொஞ்சம் தமிழ் பேசுவார். ஒவ்வொரு நாளும் போகும்போது, “புது ஆள் இருக்கா?” என்று கேட்பார். இல்லை என்று சொல்வது என் வழக்கம். அவரும் அதை ஒரு சடங்காகத்தான் கேட்டார்.

பத்தாம் நாள் பின்னேரம் அவர் கேட்டபோது நான் சொன்னேன்: “பாக்கியம் அக்கா வீட்டில இருக்கிறவ ஒவ்வொரு நாளும் ரின்மீன் வாங்கிறா. கப்பலுக்கு நிக்கிறனெண்டவ, கப்பலில போகேல்லை.”

இவ்வளவுதான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கெட்டிக்காரி என்று பெயர் எடுக்க வேண்டும் என்ற ஒரு நப்பாசை இருந்தது, அதை ஒளிக்க விரும்பவில்லை. அவர் சோடாப் போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நாகேஸ்வரியை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எட்டு மணிக்குப் பாக்கியம் அக்கா கடைக்கு ஓடி வந்தா. மூச்சு வாங்கியது. என்னைத்தான் நேரே பார்த்தா.

“ஆரோ ரின்மீன் கதை சொல்லியிருக்கினம். ரின் எல்லாம் எங்க ஒளிச்சு வச்சிருக்கிறாய் எண்டு அறையைக் கிண்டினவங்கள். உன்ர கடையில தானே அவ வாங்கினவ?”

என் முகம் சொல்லியிருக்க வேண்டும். பாக்கியம் அக்கா கதிரையில் இருந்துவிட்டா.

“அடியே, அந்தப் பிள்ளை மாசமா இருக்கிறாளடி. நாலு மாசம். வெருகல் பக்கத்து ஊர். புருஷன் கடலுக்குப் போய் ஒண்டரை மாசம், திரும்பி வரேல்லை. கப்பலெண்டு பொய் சொன்னாத்தான் இஞ்சாலை வர விடுவாங்களெண்டு சொல்லிப்போட்டு வந்தவளாம். இண்டைக்கு வாகனத்தில ஏத்தேக்க தான் எனக்கே சொன்னவள்.”

“இஞ்ச என்னத்துக்கு வந்தவ?”

“தெற்காலை அடிக்கிற சோழகக் காத்துக்கு அங்க தொலைஞ்சது இஞ்சாலைக் கரையில ஒதுங்குமெண்டு ஆரோ சொல்லியிருக்கினம். அவரின்ர வள்ளம் வந்ததோ, மிதப்பு வந்ததோ எண்டு பாக்க வந்தவள். மிதப்பில மஞ்சள் வட்டமாம், நடுவில கறுப்பு வேலாம்.”

மஞ்சள் வட்டமும் கறுப்பு வேலும் நான் பூசி மறைத்தவை. மூன்று கிழமைக்கு முன்பு, பின்கட்டில், இந்தக் கையால்.

5. முதலாளியின் மூன்று குமர்

மேலே நீல மிதப்புகள் ஆறு தொங்கின. ஏணியை வைத்து ஏறி, ஒவ்வொன்றிலும் நகத்தால் சுரண்டினேன். நாலாவதில் மஞ்சள் தெரிந்தது. அதை அவிழ்த்துக்கொண்டு இறங்கும்போது முதலாளி கீழே நின்றார்.

“எங்க கொண்டு போறாய்?”

“முகாமுக்கு. அவ சொல்லுறது உண்மையெண்டு காட்ட வேற ஒண்டும் இல்லை.”

“உனக்கு விசரோ? இதைக் கொண்டு போனா இது எப்படிக் கடைக்கு வந்ததெண்டு கேப்பாங்கள். பிறகு என்னையும் ஏத்துவாங்கள், பூசின உன்னையும் ஏத்துவாங்கள்.”

“அவ மாசமா இருக்கிறா, முதலாளி.”

“எனக்குக் கட்டிக் குடுக்க மூண்டு குமர் இருக்கு, பிள்ளை.”

அவர் கத்தவில்லை. கெஞ்சினார். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் கெட்ட மனுசன் இல்லை. என் அப்பா படுக்கையில் கிடந்தபோது மருந்துக்கு வான் பிடித்துத் தந்தவர். எனக்கும் பயம்தான். முகாமுக்குள் போன எல்லோரும் அன்றைக்கே திரும்பி வந்ததில்லை. ஆனால் அவ என் வாயால் உள்ளே போனவ. நான் வாயைத் திறக்காமல் விட்டால் அவ அங்கேதான் இருப்பா, அதை வைத்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியாது.

“என்ர பேரைச் சொல்லாத” என்று அவர் சொன்னார். நான் மிதப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

பாக்கியம் அக்கா படலையில் காத்து நின்றா. கையில் ஒரு சொப்பிங் பை. உள்ளே தகரம் கலகலத்தது. வீட்டுக்கு ஓடிப் போய், குப்பைக் கிடங்கைக் கிளறி, நாகேஸ்வரி தின்று எறிந்த ரின்களை எல்லாம் எடுத்துக் கழுவிக் கொண்டுவந்திருந்தா. பத்து ரின். ஒன்றும் குறையவில்லை.

6. முகாமில்

பொறுப்பதிகாரி கண்ணாடி போட்ட, நடுவயது தாண்டிய மனுசன். தமிழ் தட்டுத்தடுமாறி வரும். நாகேஸ்வரி ஒரு மர வாங்கில் இருந்தா. யாரும் அடித்த மாதிரித் தெரியவில்லை. முகம் மட்டும் காய்ந்து போயிருந்தது. என்னைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டா. யார் சொன்னது என்று அவவுக்குத் தெரிந்திருந்தது.

பாக்கியம் அக்கா பயமில்லாமல் பையை மேசையில் கவிழ்த்தா.

“பத்து ரின் ஐயா. பத்தும் அவ தின்னது. நான் கண்ணால கண்டனான். காட்டுக்கு ஒண்டும் போகேல்லை.”

அதிகாரி ஒரு ரின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாகேஸ்வரியைப் பார்த்தார்.

“மீன் ஊர்ல ஏன் ரின் சாப்பிடுறது? இங்க நல்ல மீன் இருக்குதானே.”

நாகேஸ்வரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

“இந்தக் கடல் மீன் எனக்கு ஏலாது ஐயா. அவர் இதுக்குள்ள தான் கிடக்கிறாரோ தெரியாது. வயித்தில பிள்ளை, வாய் மீன் கேக்குது. ரின்னில இருக்கிறது வேற எங்கேயோ கடல் மீன். அதைத் தின்னலாம்.”

அதிகாரி கையில் இருந்த ரின்னை மெதுவாக மேசையில் வைத்தார். அதில் ஒட்டியிருந்த கடதாசியில் ஏதோ தூர தேசத்தின் பெயர் இருந்தது. பத்து நாள் அதே ரின்னை எடுத்துக் கொடுத்த எனக்கு அந்தப் பெயரை வாசிக்கத் தோன்றியதில்லை.

நான் மிதப்பை நீட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கரையில் ஒதுங்கியது, கடைக்கு வந்தது, குறியின் மேல் நான் நீலம் பூசியது. அதிகாரி அதைக் கையில் வாங்கவில்லை. அவரும் என்னைப் போல சந்தேகப் பிராணிதான். ஒரு தாளையும் பேனையையும் நாகேஸ்வரியின் பக்கம் தள்ளினார்.

“முதல் நீங்க கீறுங்க. அதுக்குப் பிறகு அவங்க சுரண்டுறது.”

அவ கீறினா. ஒரு வட்டம். நடுவில் ஒரு வேல். வேலின் நுனியை நேரே முடிக்காமல் இடப்பக்கம் வளைத்து விட்டா.

“இது ஏன் வளைஞ்சது?”

“நான் தான் ஐயா பூசினது. கை வழுக்கிப் போட்டுது. அவர் அப்படியே விடச் சொன்னவர்.”

அதிகாரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஒரு ரூபாய்க் குற்றியால் சுரண்டத் தொடங்கினேன். நீலம் செதில் செதிலாக மேசையில் விழுந்தது. மஞ்சள் வந்தது. கறுப்பு வந்தது. வேலின் தண்டு வந்தது. பூசின நாளில் நுனி எப்படி இருந்தது என்று எனக்கு நினைவு வரவில்லை. மேலே போகப் போக, எனக்கு ஒரு பக்கம் நுனி வளைந்திருக்க வேண்டும் என்று இருந்தது, வளைந்திருந்தால்தான் இவ வெளியே வருவா. மறுபக்கம் அது நேரே இருக்க வேண்டும் என்று இருந்தது. நேரே இருந்தால் இது வேறு யாருடையதோ, இவவுடைய மனுசன் எங்கேயோ உயிரோடு இருக்கலாம்.

நுனி இடப்பக்கம் வளைந்திருந்தது.

நாகேஸ்வரி எழுந்து வந்து இரண்டு கையாலும் அதை எடுத்துக்கொண்டா. அழவில்லை. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்த வாங்கிலேயே போய் இருந்தா. பாக்கியம் அக்காதான் அழுதா. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பிறகு ஒரு கடிதம் எழுதினார். வழியில் உள்ள சென்றிகளில் காட்டினால் அவவையும் மிதப்பையும் மறிக்க மாட்டார்கள் என்றார். அவவை விட்டுவிட்டார். அவவை வெளியே கொண்டுவருவதற்காக நான் கொண்டுபோன சாமான்தான் அவவை விதவையாக்கியது.

7. பஸ் தரிப்பில்

மத்தியானம் முதலாளியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடையில் இருந்த பழைய மிதப்பும் வலையும் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். கடையை இரண்டு கிழமை பூட்டச் சொன்னார்கள். பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி திரும்பி வந்து, “இனி நீ வர வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு நான் பட்டினத்தில் வேறு இரண்டு கடைகளில் வேலை செய்தேன். கடைசியாக ஒரு பெரிய கடையில் சாமான் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். இந்தத் தொழிலில் என்ன படித்தாய் என்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன். முன்வாசலால் வருகிற ஆளைச் சந்தேகிக்கிறதற்கு முன்பு, பின்படலையால் வருகிற சாமானைச் சந்தேகியுங்கள். அது எங்கிருந்து வந்தது, யாருடையது, அதை இழந்தவர் எங்கே என்று கேளுங்கள். கேட்டுவிட்டுத் தொடுங்கள். நான் இதை எந்த முதலாளியிடமும் படிக்கவில்லை, அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் படித்தேன்.

நாலு மணி பஸ்ஸுக்கு நாகேஸ்வரி தனியே நின்றா. மிதப்பைத் துவாயில் சுற்றி வைத்திருந்தா. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்க வந்தேன், வாய் வரவில்லை. சீனன்குடாப் பக்கமிருந்து ஒரு பிளேன் எழும்பிப் போனது. சத்தம் ஓயும்வரை இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

“நானும் உங்கட கடையைத்தான் சந்தேகப்பட்டனான்” என்று அவ சொன்னா. “புதுப் பெயின்ற் அடிச்ச பழைய மிதப்பெண்டு பாத்த உடனயே தெரிஞ்சுது. கேக்கப் பயம். ஒரு சாமான் வாங்காம கடைக்குள்ள நிக்கவும் ஏலாது தானே.”

“கேட்டிருக்கலாம் அக்கா.”

“நீங்களும் கேட்டிருக்கலாம்.”

தூரத்தில் பஸ் தெரிந்தது. அவ துவாயை விலக்கி, மிதப்பில் கயிறு கட்டுகிற வளையத்தைக் காட்டினா.

“இதில கயிறு கிடந்ததே?”

“ஓம். ஒரு முழத்துக்குக் கிட்ட.”

“நுனி எப்படி இருந்தது? தேஞ்சு அறுந்து கிடந்ததா, வெட்டிக் கிடந்ததா?”

அவ என்ன கேட்கிறா என்று எனக்கு விளங்கியது. கயிறு தேய்ந்து அறுந்திருந்தால் காற்றும் கடலும். வெட்டுப்பட்டிருந்தால் மனுசர். புருஷன் எப்படிச் செத்தான் என்று அவவுக்குச் சொல்லக்கூடியது உலகத்தில் அந்தக் கயிற்று நுனி ஒன்றுதான்.

“நான் பாக்கேல்லை அக்கா. வடிவா இருக்கட்டுமெண்டு நுனியை வெட்டி எறிஞ்சு போட்டன்.”

அவ என்னைத் திட்டவில்லை. மிதப்பை மறுபடி துவாயில் சுற்றினா. பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிக் கேட்டா:

“பூசேக்க அந்த வேல் குறியைப் பாத்தனீங்களா?”

“பாத்தனான்.”

“அந்த வளைஞ்ச நுனியைக் கண்டு சிரிச்சனீங்களா?”

அவ கேட்டபோதுதான் நினைவு வந்தது, பொய் சொல்ல மனம் வரவில்லை. “ஓம் அக்கா” என்றேன்.

“அவரும் சிரிச்சவர்” என்று சொல்லிவிட்டு அவ பஸ்ஸில் ஏறினா.